கோடாலியின் மொட்டைப் பக்கம்

“இந்த வருசமும் காய்க்காட்டி உன்னை வெட்டிச் செங்கச் சூளைக்கு வெச்சுப்போடுவேன், ஆமா!” என்று புளியமரத்தைப் பார்த்துக் கத்திவிட்டு அர்த்தநாரி கோடாலியை ஓங்கினார். ஓங்கிய கோடாலி அந்தரத்திலேயே நின்றது. கழுத்தை மட்டும் திருப்பி, பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மரத்துக்காரரிடம் பல்லைக் கடித்தார்.

“ஏனுங்க, நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லோணுமில்லீங்களா? கை கடுக்குதுங்க.”

மரத்துக்காரர் திடுக்கிட்டு, “வேண்டாம் சாமி, வேண்டாம்! இந்த ஒருக்கா உட்டுப்போடுங்க. அடுத்த வருசம் கட்டாயம் காய்ச்சுப்போடும். அதுக்கு நான் பொறுப்பு” என்று மரத்துக்காக ஜாமீன் நின்றார்.

“நீங்க சொல்றீங்களேன்னு உடறேன். பொழைச்சுப் போவட்டும்.”

ஓமலூர் வட்டாரத்தில் காய்க்காத மரத்துக்கு இதுதான் வைத்தியம். ஒருவர் மிரட்ட வேண்டும். ஒருவர் கெஞ்ச வேண்டும். மரம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இந்த மூவரில் தன் வேலையைப் பிசகாமல் செய்வது மரம் ஒன்றுதான்.

எந்த ஊரிலும் யார் வேண்டுமானாலும் செய்கிற சடங்குதான் இது. வீட்டுக்காரன் அரிவாளைத் தூக்கிக்கொண்டு நாலு வார்த்தை வைதால் முடிந்தது. அதற்கு ஒரு நாள், ஒரு நேரம், ஒரு முறை என்று வகுத்து, “நம்ம கையால மிரட்டாத மரம் மிரட்டாத மரந்தானுங்க” என்று பன்னிரண்டு கிராமத்தை நம்பவைத்தவர் அர்த்தநாரி ஒருவரே. கிணறு வெட்டப் போனார், கரும்பாலையில் கொப்பரை கிண்டினார், வண்டி ஓட்டினார். ஒன்றிலும் கிடைக்காத பெயர், ஒரு நாள் கோபத்தில் ஒரு முருங்கை மரத்தைத் திட்டியதில் கிடைத்தது. அந்த முருங்கை அந்த வருஷம் காய்த்துத் தொலைத்தது. அப்பன் பாட்டன் சேர்த்து வைத்ததில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்த மாதிரிச் சந்தர்ப்பம் கண்ணில் படாது. கையை ஊன்றிக் கரணம் போட்டு மேலே வந்தவனுக்குத்தான் முருங்கையிலும் ஏணி தெரியும்.

ஆளைப் பார்த்தால் அப்படியொன்றும் பயங்கரமில்லை. ஐந்தடி உயரம், பிசுபிசுவென்று முகத்தில் ஒட்டிய மீசை, முழங்காலுக்கு மேலே வேட்டி. மேலுக்குச் சட்டை கிடையாது. இல்லாமையால் அல்ல, இருப்பதைக் காட்டுவதற்காக. வலது தோளில், பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு காய்ப்பு இருக்கிறது. முப்பது வருஷமாகக் கோடாலிக் காம்பைச் சாத்திச் சாத்தி வந்தது. கோடாலியால் அவர் ஒரு சுள்ளியைக்கூட வெட்டியதில்லை. சுமந்ததுதான் வேலை. ஆனாலும் சந்தையில் யாராவது தெரியாத்தனமாக அந்தக் காய்ப்பை உற்றுப் பார்த்துவிட்டால் போதும், அன்றைக்கு அவர்கள் வாங்கவேண்டிய சாமான் வாங்கினபடிதான்.

“தொட்டுப் பாருங்க, கூச்சப்படாதீங்க. நெகம் இறங்குதுங்களா? இறங்காது. தோலுக்குக் கண்ணு கெடையாதுங்க, ஆனா ஞாபகம் உண்டு. ஒரே நாள்ல தேய்ச்சீங்கன்னா கொப்புளம் வரும். நாளும் கொஞ்சம் கொஞ்சமாத் தேய்ச்சீங்கன்னா காய்ப்பு வரும். அடி ஒண்ணுதான், குடுக்கற வெதம் வேற.”

அதோடு விட்டால் பரவாயில்லை. உடனே இடது முன்னங்கையை நீட்டுவார். கிணற்று வேலையில் தண்ணீர் இறைக்கும் சால் விழுந்து ஒடிந்த கை. மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, முட்டையின் வெள்ளைக் கருவும் உளுந்து மாவும் பூசிக் கூடிய கை. கூடிய இடத்தில் எலும்பு கணுவிட்ட கரும்புபோல் தடித்திருக்கும். “ஒடைஞ்ச எடந்தானுங்க இப்ப கெட்டி. இனி ஒடையறதுன்னா வேற எடம் பாத்துத்தான் ஒடையோணும்” என்று பெருமையோடு தட்டிக் காட்டுவார். உலகத்தில் அடிபடாத வஸ்து எதுவும் உருப்படாது என்பது அவர் சித்தாந்தம். மாடு, மகன், மாமரம் மூன்றுக்கும் ஒரே விதி.

அவர் மனைவி சௌந்திரத்துக்கு இந்தச் சித்தாந்தத்தில் ஆட்சேபணை இல்லை. “முப்பது வருசமா இவுங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு என்ற காதுந்தான் காய்ச்சுப் போச்சு. சந்தையில அவுத்துக் காட்டத்தான் முடியலை” என்பாள்.

மிரட்டலில் வெளியே தெரிகிற பாகம் ஒன்று, தெரியாத பாகம் ஒன்று. தெரிகிற பாகம், திட்டு முடிந்ததும் கோடாலியைத் திருப்பிப் பிடித்து, மொட்டைப் பக்கத்தால் அடிமரத்தில் ஏழு தட்டு தட்டுவது. கூர்ப் பக்கம் மரத்தில் படக்கூடாது. ஏழாவது தட்டுக்குள் கெஞ்சுகிறவர் கெஞ்சி முடித்திருக்க வேண்டும். தெரியாத பாகம் அதற்குப் பிறகு. “மேல பேய் பிசாசு எதாச்சும் குடியிருக்குதான்னு பாத்துட்டு வாரேன்” என்று மரத்தில் ஏறி, இலை மறைவில் ஒரு கிளையைத் தேர்ந்து, இடுப்பிலிருக்கும் சூரிக்கத்தியால் பட்டையை ஒரு விரற்கடை அகலத்துக்கு வளையமாக எடுத்துவிடுவார். வளையம் முழுச் சுற்று வராது. பாலம்போல் ஓரிடத்தில் பட்டையை விட்டுவைப்பார். அந்தக் கிளை பெரும்பாலும் மறு பருவத்தில் பூத்துவிடும். ஒரு கிளை பூத்தால் போதாதா? “பாத்தீங்களா, ஒரு கை தூக்கிட்டுது. மத்தக் கையும் தூக்கும்” என்று சொல்லி, முதல் காய்ப்பில் ஒரு கூடை வாங்கிக்கொண்டு போவார். பூக்காவிட்டால்? கெஞ்சினவர் வாயில் சுத்தமில்லை. அதற்கு மிரட்டினவர் என்ன செய்வார்?

கத்தி விஷயம் அவருக்கும் மரங்களுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தது. மரங்கள் நாணயமானவை. காட்டிக் கொடுத்தவர் தொப்பி போட்டிருந்தார்.

மேட்டூர் அணை கட்டி முடித்த மறு வருஷம், ஐப்பசி மாதம். முத்தாயம்மாள் என்கிற கைம்பெண்ணின் மாமரத்தை மிரட்ட அர்த்தநாரிக்கு அழைப்பு வந்தது. பன்னிரண்டு வயது மரம், ஒரு பூகூடப் பூத்ததில்லை. அவள் புருஷன் போனபின் பாகம் பிரித்தபோது, மாமரமும் அதன் நிழல் விழுகிற இடமும் அதை ஒட்டிய கிணற்றுத் தடமும் அவளுக்கு என்றுதான் முதலில் பேச்சு. கொழுந்தன் ராசப்பன் குறுக்கே விழுந்தான். “காய்க்கிற மரம்னா சரி, அண்ணி அனுபவிக்கட்டும். காய்க்காத மரத்துக்கு எதுக்கு அத்தனை எடம்? வெட்டிப்போட்டு ஏர் ஓட்டறேன்.” ஊர்க்கவுண்டர் இரண்டு பக்கமும் தலையாட்டிப் பழகினவர். தை நோம்பிக்குள், அதாவது பொங்கலுக்குள், மரம் பூத்தால் மரமும் இடமும் தடமும் முத்தாயம்மாளுக்கு, பூக்காவிட்டால் ராசப்பனுக்கு என்று மரத்தின் தலையில் தீர்ப்பைக் கட்டிவிட்டுப் பாக்குப் போட்டுக்கொண்டார். தடம் போனால் கிணற்றுக்குப் போக அவளுக்கு வழியில்லை. கிணறு இல்லாவிட்டால் அவளுடைய முக்கால் ஏக்கரில் மிளகாயும் இல்லை, சோளமும் இல்லை. இது எல்லாருக்கும் தெரியும். ராசப்பனுக்கு எல்லாரையும் விட நன்றாகத் தெரியும்.

அன்று காலை ஊரே மரத்தடியில் கூடியிருந்தது. அர்த்தநாரி வெற்றிலைச் சாற்றை வேரில் படாமல் ஒதுங்கிப் போய்த் துப்பிவிட்டு வந்து ஆரம்பித்தார். மரத்தின் பிறப்பு, வளர்ப்பு, தின்ற எரு, குடித்த தண்ணீர், கொடுத்த நிழலின் தரித்திரம் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துச் சொல்லி, “வெக்கமா இல்ல உனக்கு?” என்று முடித்துக் கோடாலியை ஓங்கினார்.

முத்தாயம்மாள் இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டாள். “வேண்டாமுங்க அண்ணா. பூத்துருமுங்க. நான் சொல்றேன், பூத்துருமுங்க” என்றாள். சொல்லும்போதே நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொண்டாள். கெஞ்ச வருகிறவர்கள் பாதிச் சிரிப்போடு கெஞ்சித்தான் அர்த்தநாரிக்குப் பழக்கம். நிஜமாகவே கெஞ்சினதில் அவருக்கு ஒரு தட்டு எண்ணிக்கை தப்பிவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சைக்கிள் மணி அடித்தது. விவசாய இலாகா டிமான்ஸ்திரேட்டர் கஸ்பார் இறங்கினார். அரைக்கால் சட்டை, மண்டையைவிடப் பெரிய தொப்பி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவர். இரும்புக் கலப்பையின் மகிமையை மூன்று வருஷமாகக் கிராமம் கிராமமாகப் பிரசங்கம் செய்து, இதுவரை ஒருவரையும் மனம் திருப்பாதவர்.

“பெரியவரே, மரத்தை ஏன் அடிக்கிறீங்க?”

“அடிக்கலீங்க. மிரட்டறனுங்க.”

“மரத்துக்குக் காது ஏது?”

“உங்களுக்கு ரெண்டு இருக்குதுங்களே, உங்க பெரிய தொரை சொல்றது பூராவும் கேக்குதுங்களா?”

கூட்டம் சிரித்தது. கஸ்பாரும் சிரித்தார். சிரித்துவிட்டு, தட்டுப்பட்ட பட்டையின்மேல் கண்ணாடியை வைத்துப் பாடத்தை ஆரம்பித்தார். அது படித்தவர்களுக்கு இருக்கும் வியாதி, சிரித்தாலும் போகாது.

“இங்கே பாருங்க. பட்டைக்கு உள்ளே தேன்கூட்டில் இருக்கிற மாதிரி சின்னச் சின்ன அறைகள் இருக்கு. லட்சக்கணக்கிலே. ஒவ்வொண்ணுக்கும் தனியா உயிர் உண்டு. அடிபட்ட இடத்திலே இருக்கிறது நசுங்கிச் செத்துப்போகும். பக்கத்திலே பிழைச்சு இருக்கிறது சும்மா இருக்காது. ஒண்ணு ரெண்டாப் பிரியும், ரெண்டு நாலாகும், அப்படியே பெருகி வந்து காயத்தை மூடிடும். மரத்துக்கு மட்டும் இல்லை. உங்க தோளிலே காய்ச்சதும், கையிலே எலும்பு கூடினதும் இதே சங்கதிதான்.”

அர்த்தநாரி கண்ணாடியை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஓர் எறும்பு பெருச்சாளி அளவுக்குத் தெரிந்தது.

“அறை ஒண்ணையும் காணமுங்களே?”

“இதிலே தெரியாது. காலேஜிலே இருக்கிற பெரிய கண்ணாடியிலேதான் தெரியும்.”

“அப்பிடீங்களா. முப்பது வருசமா நான் சொல்லிக்கிட்டு இருக்கறதைத்தானுங்க நீங்க தொப்பி போட்டுக்கிட்டுச் சொல்றீங்க.”

மறுபடியும் சிரிப்பு. இந்த இடத்தில் கஸ்பார் சைக்கிளில் ஏறிப் போயிருந்தால் எல்லாருக்கும் க்ஷேமம். அவருக்கோ உண்மை முழுவதையும் சொல்லாமல் சோறு இறங்காது. “ஆனா மிரட்டறதனாலே பூக்காது பெரியவரே. கிளையிலே பட்டையை வளையமா எடுத்தா பூக்கும். இலை செய்யற சத்து கீழே வேருக்கு இறங்காம மேலேயே தங்கிடும், அதனாலே. நீங்க மிரட்டின மரம் ரெண்டு மூணு பார்த்தேன். மேல் கிளையிலே நல்ல கத்தி வேலை. யார் செய்யறது?”

கூட்டத்தில் ஒரு மூச்சு நின்றது. ராசப்பன் அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

“ஏனுங்க மிரட்டியாரே! அப்ப கோடாலி, கத்தல் எல்லாம் சும்மா கூத்துத்தானுங்களா? மேல ஏறி ஒளிஞ்சுக்கிட்டுக் கெளையைச் சொறிஞ்சு உடறதுக்கா ஊரைக் கூட்டினீங்க? அதை எங்கூட்டு ஆடே செய்யுமே!”

முப்பது வருஷத்துக் காய்ப்பு தோளில் இருந்து என்ன பிரயோஜனம்? இந்தச் சொல் பட்டது வேறு இடத்தில். அங்கே தோல் மெல்லிசு. அர்த்தநாரியின் முகம் அடுப்புக் கல்போல் சிவந்தது.

“ஒளிஞ்சுக்கிட்டு ஒண்ணுஞ் செய்யறதில்லீங்க, தம்பி. கண்ணைத் தொறந்து பாரு. இந்தா, அடிமரத்துலயே செய்யறேன்!” என்று சூரிக்கத்தியை உருவி, இடுப்பளவு உயரத்தில் பட்டையில் பாய்ச்சினார். மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. நடுவில் இருந்த பட்டை நாடா மாதிரி உரிந்து வந்தது. ஒரு விரற்கடை என்பது அவருடைய விதி. கோபம் இரண்டு விரற்கடை கேட்டது. சுற்று முழுவதாகி, கத்தி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தபோதுதான் பாலம் விடவில்லை என்று கைக்குத் தெரிந்தது. வாய்க்கு அது தெரிய இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“தை நோம்பிக்கு இந்த மரத்தடியில நிக்கறவுங்க தலையெல்லாம் பூ உழுவும். பாத்துக்குங்க!” என்றார். குரல் என்னவோ கணீரென்றுதான் இருந்தது. கஸ்பார் மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

ஊரைத் தாண்டி அரை மைலில் அவருடைய சக்கரத்தில் வேலமுள் ஏறிவிட்டது. ரோட்டோரம் ட்யூபை வெளியே இழுத்து ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது, அர்த்தநாரி எதேச்சையாக அந்தப் பக்கம் வந்தார். ஓடி வந்ததால் மூச்சு வாங்கியது. எதேச்சையாகத்தான் ஓடி வந்தார்.

“எங்க ஒறம்பரை ஒருத்தருங்க, மாமன் மொறை, ஆத்தூர்ப் பக்கம். ஒரு மரத்துல தெரியாத்தனமா முழுச் சுத்துப் பட்டையும் எடுத்துப்போட்டாருங்க. அது என்னங்க ஆவும்?”

கஸ்பார் தலை நிமிரவில்லை. “எப்ப எடுத்தார்?”

“அது… சித்த முன்னாடிதானுங்க.”

“முதல்லே நல்லாப் பூக்கும். மரமே தெரியாத அளவுக்குப் பூக்கும். ஊரெல்லாம் அவரைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஆடும். அப்புறம் வேருக்குச் சத்து இறங்காம, வேர் பட்டினி கிடக்கும். வர்ற கோடையோ அடுத்த கோடையோ, மரம் நின்ன வாக்கிலே காஞ்சிடும்.”

அர்த்தநாரி ரோட்டைப் பார்த்தார். “அவருக்கு வேற வழி ஒண்ணும் இல்லீங்களா? அந்த ஒறம்பரைக்கு?”

“பட்டை எடுத்த இடம் இன்னும் வழுவழுன்னு ஈரமா இருந்தா உயிர் இருக்கு. அதிலே விரல் படக் கூடாது, வெயில் படக் கூடாது. சாணியும் செம்மண்ணும் குழைச்சு அப்பி, மேலே துணி சுத்தச் சொல்லுங்க. காய விடக் கூடாது. இறுக்கியும் கட்டக் கூடாது. அந்த அறைகள் பெருகி வர இடம் வேணும், ஒரு விரல் நுழையற அளவுக்கு. இறுக்கினா பிறக்கும்போதே நசுங்கிடும்.” ரப்பர் துண்டை ஓட்டையின்மேல் ஒட்டிக் கட்டைவிரலால் அமுக்கியபடி சொன்னார்: “மேலேயிருந்தும் கீழேயிருந்தும் வளர்ந்து வந்து சேர்ந்தா மரம் பிழைச்சது. ஆத்தூர் ரொம்ப தூரம் பெரியவரே. வெயில் ஏறுது. சீக்கிரம் போங்க.”

அர்த்தநாரி திரும்பி வந்தபோது மரத்தடியில் முத்தாயம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். வளையத்துக்கு வெயில் படாமல் முந்தானையை விரித்துப் பிடித்திருந்தாள். அவளுக்கு யாரும் பாடம் சொல்லவில்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

“அம்மிணி, கொஞ்சம் சாணியும் செம்மண்ணும் வேணும். ஒரு பழைய சீலையும். மிரட்டின மரத்துக்குக் கண்ணேறு கழிக்கோணும். அது ஒரு மொறை.”

“காயத்துக்குக் கட்டுப் போடறதுக்குப் பேரு கண்ணேறுங்களா? சரிங்க” என்று அவள் எழுந்தாள். சாணிக் கூடையோடு வந்தபோது அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “மரம் நின்னா உங்க பேரு நிக்குமுங்க. செத்தா உங்களுக்கு ஒரு பேச்சோட போவும். எனக்குத் தண்ணி போவும். அதை மட்டும் நெனைச்சுக் கட்டுங்க.”

அர்த்தநாரி மண்ணைக் குழைத்தார்.

பிறகு நடந்ததை ஊர் வேறு விதமாகப் புரிந்துகொண்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் அந்த மரத்துக்கு வந்துபோனதைப் பார்த்து, “தலைத் தீவாளி மாப்பிள்ளை மாதிரியில்ல வாராரு” என்று கேலி செய்தது. சீலைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் தெளிப்பார். ஓரத்தை மெதுவாக விலக்கி உள்ளே பார்ப்பார். மறுபடி மூடுவார். இரண்டு வாரம் ஒன்றுமில்லை. மூன்றாம் வாரம், வளையத்தின் மேல்விளிம்பில் ஆறின கஞ்சியில் ஆடை படர்வதுபோல் வெளிறின ஒரு தடிப்பு உருண்டு வந்தது. கார்த்திகை தீபத்தின்போது அது உதடுபோல் மடிந்து கீழே இறங்கியிருந்தது. வழுவழுப்பாக இருந்த இடத்தில் அங்கங்கே பச்சைப் பொட்டு. கீழ்விளிம்பு மட்டும் அசையாமல் இருந்தது. மேலே இருப்பவனுக்குத் தீனி கிடைக்கிறது, கொழுக்கிறான். கீழே இருப்பவன் பட்டினி, என்னத்தை வளருவான்? ஜமீன்தார்களும் மிட்டாதார்களும் இருக்கிற ஜில்லாவில் இது ஒன்றும் புதிதல்ல. மார்கழியில்தான் கீழ்ப்பக்கமும் கொஞ்சம் மனசு வைத்தது.

இந்த மூன்று மாதத்தில் வேறு நாலு இடத்திலிருந்து மிரட்ட அழைப்பு வந்தது. “தொண்டை கட்டியிருக்குதுங்க” என்று சொல்லிவிட்டார். சௌந்திரம் சாமி படத்துக்கு ஒரு கற்பூரம் கூடுதலாக ஏற்றினாள். அவருக்கு உடம்பு சரியில்லை என்றா, வீடு அமைதியாக இருக்கிறது என்றா, அது அவளுக்குத்தான் வெளிச்சம்.

தை பிறக்க நாலு நாள் இருந்தது. மாமரம் பூத்தது. பூத்தது என்று சொன்னால் போதாது. நுனிக்கிளையிலிருந்து அடிக்கிளை வரை இலையே தெரியாமல், பொரி அரிசியை மூட்டை மூட்டையாக மேலே கொட்டினதுபோல் பூத்தது. தேனீ இரைச்சல் கிணற்று மேட்டிலிருந்தே கேட்டது. பன்னிரண்டு கிராமமும் பார்க்க வந்தது. நோம்பிக்கு மறுநாள் காலை ஊர்க்கவுண்டர் புதுத் துண்டு ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்து சேர்ந்தார். நின்றவர்கள் தலையெல்லாம் பூ விழுந்தது. சொன்னது சொன்னபடி நடந்தது. சொன்னவர் மட்டும் கூட்டத்தின் கடைசியில், கோடாலி இல்லாமல் நின்றார்.

ராசப்பன் பூவைப் பார்க்கவில்லை. இடுப்பு உயரத்தில் சுற்றியிருந்த சீலையைப் பார்த்தான். “மரத்துக்கு எதுக்குங்க அரணாக்கயிறு? உள்ளுக்குள்ள என்னத்தை மறைச்சு வெச்சிருக்காங்கன்னு ஊரு பாக்க வேண்டாமா?” என்று, யாரும் தடுப்பதற்குள் முடிச்சை இழுத்தான். சீலை அவிழ்ந்தது. காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

வளையத்தைச் சுற்றிலும் இரண்டு உதடுகளும் மூடிக்கொண்டிருந்தன. கரடுமுரடாக, புண் ஆறின வடுபோல. வடக்குப் பக்கத்தில் மட்டும் நாலு விரல் நீளத்துக்கு இன்னும் சேரவில்லை. அங்கே மரம் வெள்ளையாகத் தெரிந்தது.

“பாருங்க மாமா! அடிமரத்தையே அறுத்து வெச்சிருக்குது. இது பூத்த மரமா, சாவப்போற மரமா?” என்று ராசப்பன் கவுண்டரைக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு கூட்டத்தின் கடைசியைப் பார்த்துக் கத்தினான்: “ஏனுங்க மிரட்டியாரே! மரத்துக்குக் கட்டுப் போட்டு வாராவாரம் வந்து பாத்தீங்களே. பயம் மரத்துக்குங்களா, உங்களுக்குங்களா?”

இந்தக் கேள்விக்கு முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்த பதில் நூறு இருந்திருக்கும். அர்த்தநாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“எனக்குத்தானுங்க” என்றார். “கத்தி வெச்சது நாந்தான். பாலம் உடாம உட்டது என்ற கோவந்தான். மரத்து மேலயும் தப்பில்லை, இந்த அம்மிணி மேலயும் தப்பில்லை.”

முத்தாயம்மாள் கவுண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கவுண்டர் மேலே பூவைப் பார்த்தார். கீழே வடுவைப் பார்த்தார். தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நல்லவேளையாக அந்த நேரத்தில் ஒரு பூங்கொத்து அவர் மூக்கின்மேல் விழுந்தது. தும்மினார்.

“பூக்கோணும்னுதான் பேச்சு. பூத்துப்போச்சு. எத்தனை நாளைக்கு நிக்கோணும்னு நான் சொல்லலை. எனக்கும் அந்த உறுதி கெடையாது, உனக்கும் கெடையாது ராசப்பா. எடமும் தடமும் முத்தாயிக்கு. போ, போய்க் கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டு.”

முத்தாயம்மாள் கிணற்றுத் தடத்தில் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலையவில்லை. தப்பை ஒப்புக்கொண்டாலும் மரம் பூத்தது பூத்ததுதானே? “துண்டைப் போடுங்க! மிரட்டியாரே, ரெண்டு வார்த்தை பேசுங்க!” என்று இரைந்தது. கவுண்டர் புதுத் துண்டை விரித்து அர்த்தநாரியின் வலது தோளில், காய்ப்பின்மேல் போட்டார்.

அர்த்தநாரி துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். மரத்தடியில் மண்டியிட்டு, கீழே கிடந்த பழைய சீலையை நனைத்து வடக்குப் பக்கத்து வெள்ளையின்மேல் வைத்தார். அதற்கு மேலே துண்டைச் சுற்றினார். மரத்துக்கும் மரியாதை செய்கிறார் என்று கூட்டம் கைதட்டியது. முடிச்சைப் போட்டுவிட்டு, துணிக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு விரலை நுழைத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் இளக்கிக் கட்டினார்.